பதினொரு கைப்பிடி மண்

சோஹார், ஓமன்
4 பிப்ரவரி 2025, செவ்வாய்

அன்புள்ள ஜெயபாய் மைனிக்கு,

உங்கள் தம்பி மனைவி ரெஜிலா எழுதுவது. ஆண்டவர் தயவால் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்கும் ஒன்றுமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது வரவில்லை. நீங்களும், வயசான மாமாவும், என் மகள் பிளஸ்ஸியும் அங்கே நன்றாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு காரியம். இதைத் தனியாக இருந்து படியுங்கள். மாமாவுக்கு முன்னால் பிரிக்க வேண்டாம், பிளஸ்ஸி கையிலும் கொடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். நம் வீட்டுக்குப் போன் வந்தால் மாமாவுக்குக் காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். நான் இங்கே தும்மினால் அருமனைச் சந்தை வரைக்கும் கேட்கிறது. எழுதி அனுப்பினாலோ, கண்ணாடி எடுக்கச் சோம்பல்பட்டு பிளஸ்ஸியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கவரை ஒட்டி, மேலே பிளாஸ்திரியும் சுற்றி, வெள்ளிக்கிழமை லீவில் போகிற ஷிபுவிடம் கொடுத்துவிடுகிறேன். எங்கள் கிளினிக் லேபில் இருக்கிறாரே, கடையாலுமூட்டுக்காரர், அவர்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து உங்கள் கையிலேயே தருவார். அவருக்கு ஒரு சாயா கொடுங்கள்.

என் வேலை போன வியாழக்கிழமையோடு முடிந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரே கிளினிக். கேக் வெட்டினார்கள். நான் அழுகிறேனா என்று ஒவ்வொருவராக என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கேக்கில் இனிப்பு கூடிப்போச்சு என்றுதான் தோன்றியது. நினைவுக்கு என்று ஒரு சுவர்க்கடிகாரம் தந்தார்கள். அதற்கு முந்தின வாரம் நம் ஜெபக்கூட்டத்தில் விடைகொடுத்தபோது தந்ததும் சுவர்க்கடிகாரம்தான். ஊருக்கு வந்தபிறகு எனக்கு நேரம் பார்க்க மட்டும் ஒரு குறையும் இருக்காது. குக்கர், மிக்ஸி, கட்டில் எல்லாவற்றையும் அறையில் கூட இருக்கிற பிரீனாவுக்குக் கொடுத்தேன். அவள் இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'எக்கா, இது ஒரு பக்கமாட்டு குழிஞ்சு கிடக்கே' என்றாள். நாலு வருஷமாக ஒரே பக்கம் படுத்தால் குழியத்தான் செய்யும் என்று சொன்னேன். 

பெட்டியில் என் சாமான்களைவிட அடுத்தவர்கள் தந்த பார்சல்தான் அதிகம். கருங்கல் ஊர்க்காரி ஒருத்தி அவள் மாமியாருக்கு இரும்புச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். இரும்புச் சட்டி மார்த்தாண்டத்தில் கிடைக்காதா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் திரும்பக் கொண்டுவந்தாள். நானும் வாங்கி வைத்தேன். போகிற நேரத்தில் யாரிடமும் முகம் கறுக்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் ஒருவரிடம் அது நடந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் பிளஸ்ஸியைப் பற்றி. அவள் போனில் எது கேட்டாலும், 'அத்தைகிட்ட கேட்டுட்டு சொல்லுகேன்' என்கிறாள். ஆறு வயதில் உங்கள் கையில் கொடுத்தேன், இப்போது இருபது. அவளுக்கு என்ன கறி பிடிக்கும் என்று உங்களிடம் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் அது பொய். உங்கள் மேல் வருத்தம் என்று எழுதினால் அது அதைவிடப் பெரிய பொய். வந்தபிறகு கொஞ்ச நாள் என்னை ஒரு விருந்தாளி மாதிரி பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு நம் விளைத் தோட்டத்தில், மாமி கல்லறைக்குப் பக்கத்தில் மாமா கட்டிவைத்திருக்கும் கல்லறையில் உங்கள் தம்பி பெயரைச் சொல்லி ஜெபம். போதகர் சம்மதித்துவிட்டார், கிரானைட்டில் பெயரும் வெட்டியாகிவிட்டது. உள்ளே வைக்க உடம்பு இல்லை. இங்கே அவர் குழியிலிருந்து ஒரு கைப்பிடி மண் நான் கொண்டுவர வேண்டும். எண்பத்துநாலு வயதில் மாமா என்னிடம் கேட்ட ஒரே சாமான் அதுதான். நல்ல வாட்ச் ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்டதற்கும், 'அதொண்ணும் வேண்டாம் மக்களே, எனக்க மவனுக்க மண்ணு மறக்காண்டாம்' என்றார். அது வந்து சேர்ந்தால் தனக்கு இனி ஒன்றும் பாக்கியில்லை என்று அவர் சொல்வதை நீங்களும் கேட்டீர்கள்.

கொரோனா வருஷத்து அந்த ஜூலை மாதத்தை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. இருபத்தேழாம் தேதி உங்கள் தம்பி போய்விட்டார். எனக்கும் அதே காய்ச்சல், கிளினிக்குக்குப் பின்னால் ஓர் அறையில் போட்டிருந்தார்கள். மறுநாள் அடக்கம் என்று சொன்னார்கள். பாதுகாப்பு உடை போட்ட நாலு பேர் தவிர யாரும் போகக் கூடாது. மாமா போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'நம்ம ஆளு ஒருத்தராவது நின்னு மண்ணு போடுவாவளா?' என்று கேட்டார். குழிக்குள் மூன்று கை மண்கூட விழாமல் நம் வீட்டில் யாரும் போனதில்லை. மாமிக்குப் போட வந்தவர்கள் வாசல் வரைக்கும் வரிசையில் நின்றார்கள் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஜெபசீலனைக் கூப்பிட்டேன். உங்கள் தம்பியோடு நம் சபையில் பாட்டுப் பாடினவன், இங்கே அவரோடு ஒரே கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், அப்போது மஸ்கட் பக்கம் மாறிப் போயிருந்தான். எப்படியாவது போய் நில், தூரத்திலிருந்தாவது மண் போடு என்று அழுதேன்.

அடக்கத்தன்று சாயங்காலம் அவனே கூப்பிட்டான். 'எக்கா, நான் நின்னேன். மூணு கை மண்ணு போட்டேன். அப்பா பேரச் சொல்லி ஒண்ணு, உங்க பேரச் சொல்லி ஒண்ணு, பிளஸ்ஸிக்க பேரச் சொல்லி ஒண்ணு' என்றான். அவன் அப்பா என்றது மாமாவைத்தான், அதை நான் அப்படியே மாமாவிடம் சொன்னேன். மாமா அதைச் சபையில் எழுந்து நின்று சாட்சியாகச் சொன்னார். நாலரை வருஷமாக நம் வீடு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அவன் இப்போது சூர் என்கிற ஊரில் இருக்கிறான். அவனிடம் நேரில் சொல்லாமல் போகக் கூடாது என்று போன வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். மஸ்கட்டில் இறங்கி வேறு பஸ், போய்ச் சேரவே பகல் முழுவதும் ஆயிற்று. அங்கே நம் சபைக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கினேன். சனிக்கிழமை மதியம் ஜெபசீலன் அவன் அறைக்குக் கூப்பிட்டான். எனக்காக எங்கேயோ தேடி மரச்சீனிக் கிழங்கு வாங்கி அவித்து, சாளை மீன் கறியும் வைத்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே நான் கல்லறை, ஜெபம், மண் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். கை தட்டிலேயே கிடந்தது, கறி காய்ந்து விரலில் ஒட்டுகிற வரைக்கும் அப்படியே இருந்தான். அப்புறம், 'எக்கா, நான் அன்னைக்கு அங்க போவல்ல' என்றான்.

பேனாவை வைக்கிறேன் மைனி. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

5 பிப்ரவரி, புதன்

காலையிலேயே வெளியே போய்விட்டு இப்போதுதான் வந்தேன். எங்கே போனேன் என்று பிறகு சொல்கிறேன். ஜெபசீலன் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அவன் புறப்பட்டது உண்மைதான். அந்த வாரம்தான் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போகக் கூடாது என்று வழியெல்லாம் அடைத்திருந்தார்கள். பாதி வழியில் போலீஸ் நிறுத்தியது. சாவு என்று சொல்லியிருக்கிறான். என்ன உறவு என்று கேட்டார்கள். உறவில்லை, ஊர்க்காரர் என்றான். திரும்பிப் போ என்றார்கள். திரும்பாமல் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, அடக்கம் முடிகிற நேரம் வரைக்கும் வெயிலில் உட்கார்ந்திருந்தானாம். அப்புறம் அறைக்குப் போனான். என்னைக் கூப்பிட்டபோது, போகவில்லை என்று சொல்லத்தான் நினைத்தானாம். 'நீங்க ஹலோன்னு சொல்லல்ல எக்கா. நேரா, மண்ணு போட்டியா ஜெபசீலான்னு கேட்டீங்க. எனக்க வாயில போட்டேன்னுதான் வந்நு' என்றான்.

நான் அவனிடம், அப்படியானால் அடுத்த மாதம் ஆகஸ்டில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் எந்தக் குழியைக் காட்டினாய் என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் எந்தக் குழியையும் காட்டவில்லை மைனி. அந்த வரிசை என்று மட்டும் அங்கே இருந்த காவல்காரரிடம் கேட்டு வைத்திருந்தான். எது என்று விசாரிக்க அவன் காவல்காரரைத் தேடிப் போய் வருவதற்குள், நான் முன்னால் நடந்து ஏழாவது குழிக்குப் பக்கத்தில் நின்று அழத் தொடங்கிவிட்டேன். மண் புதுசாக இருந்தது, அதனால் நின்றேன். இல்லையென்றால் நடந்து களைத்து நின்றேன், எதுவென்று எனக்கே நினைவில்லை. காவல்காரரைக் காணாமல் அவன் திரும்பி வந்தபோது நான் அந்தக் குழியைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். 'நீங்களாட்டு நின்னீங்க. அதுக்குப் பொறவு எதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நான் எப்பிடிச் சொல்ல?' என்றான்.

நாலரை வருஷம். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை. அவர் பிறந்தநாள், எங்கள் கல்யாண நாள், ஈஸ்டர் விடியற்காலம். அந்த ஏழாவது குழியில் நான் உட்கார்ந்து சொல்லாத கதை இல்லை. பிளஸ்ஸிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததை அங்கேதான் முதலில் சொன்னேன். என்னைத் தனியே விட்டுப் போனதற்கு அங்கேதான் திட்டினேன். போன மாதம், நான் ஊருக்குப் போகிறேன், என்னோடு கோபிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் அங்கேதான். அதெல்லாம் யார் காதில் விழுந்ததோ. நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, நெஞ்சு பிளக்கிற மாதிரியும் இருக்கிறது.

நான் ஜெபசீலனை அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. என் தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டே, 'நீ இனி எனக்கு ஆருமில்ல, எனக்க நம்பரை அழிச்சிரு' என்றேன். அவன் வாசல் வரைக்கும் வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சோஹார் வந்து சேர்ந்து இரண்டு நாள் எழும்பவே இல்லை. பிரீனா எனக்குக் காய்ச்சலோ என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள்.

இன்று காலையில் அடக்கம் எல்லாம் பதிந்து வைக்கிற அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர். காவா என்கிற காப்பி கொடுத்து உட்காரவைத்து, அந்த மாதத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். உங்கள் தம்பி பெயர் இருந்தது மைனி. அந்தப் பதினைந்து நாளில் அதே வரிசையில் பதினொரு பேர். எந்தெந்தக் குழி என்று ஏட்டில் எழுதவில்லை, அப்போது தலைமாட்டில் பலகையில் எண் எழுதி நட்டிருந்தார்கள். மறுவருஷம் அக்டோபரில் வந்த புயலில் வாதி என்கிற காட்டாறு பெருகி அந்தப் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்ததே, அதில் பலகைகள் போய்விட்டன. அந்த வருஷம் நான் போனபோது பலகை இல்லாததைப் பார்த்தேன். எனக்குத்தான் இடம் தெரியுமே என்று சிமெண்டில் ஒரு சிலுவை செய்து ஏழாவதில் நட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கே விசாரித்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். அந்தத் தப்பு ஜெபசீலனுடையது இல்லை, என்னுடையது.

தோண்டிப் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நான் நர்ஸ். நாலரை வருஷத்துக்குப் பிறகு என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பதினொன்றில் ஒன்று என்றால் என்ன அர்த்தம் என்றும் தெரியும். ஏழாவதே அவராகவும் இருக்கலாம் என்று அந்த மனுஷர் ஆறுதலாகச் சொன்னார். இருக்கலாம்தான். ஆனால் 'இருக்கலாம்' என்கிற ஒன்றை டின்னில் அடைத்துக் கொண்டுவந்து மாமா கையில் எப்படிக் கொடுப்பேன்? இன்னும் எட்டு நாளில் நான் விமானம் ஏற வேண்டும். விசா கேன்சல் ஆகிவிட்டது, தேதியை மாற்ற வழியில்லை.

7 பிப்ரவரி, வெள்ளி, காலை

ஷிபு பதினொரு மணிக்கு வந்து இதை வாங்கிக்கொள்வார். அதற்குள் முடிக்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் நீங்கள் போன் போட்டீர்களே, வழக்கம்போல ஸ்பீக்கரில். அப்போதுதான் இதன் பாதியை எழுதி மூடி வைத்திருந்தேன். நான் எடுத்தவுடன் மாமா கேட்டார், 'மண்ணு எடுத்தியா மக்களே?' என்று. நான் என்ன சொன்னேன் என்று நீங்களும் கேட்டீர்கள். 'எடுத்தாச்சு மாமா, அவருக்க தலைமாட்டுல நின்னுதான் எடுத்தேன்' என்றேன். நீங்கள் பக்கத்திலிருந்து ஸ்தோத்திரம் என்றீர்கள். மாமா மூச்சை இழுத்துவிட்டது போனில் கேட்டது. பிறகு, 'அப்பம் சரி' என்று மட்டும் சொன்னார்.

அப்போது என்னிடம் ஒரு பிடி மண்ணும் இல்லை. தலைமாடு என்பதை யார் என் வாயில் வைத்தார்கள் என்று தெரியவில்லை. யோசிக்கக்கூட நேரம் எடுக்கவில்லை மைனி, தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற மாதிரி வந்துவிட்டது. போனை வைத்தபிறகுதான் ஜெபசீலனை நினைத்தேன். அவன் செய்ததும் இதுதான். அவன் இருபத்தாறு வயதில் செய்தான், நான் நாற்பத்தொன்பது வயதில் செய்தேன். அவனை ஆருமில்லை என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உடனே அவனைக் கூப்பிட்டேன். அவனும் எடுத்தான், என் நம்பரை அழித்திருக்கவில்லை. நாளைக்கு லீவு போட்டுவிட்டு மண்வெட்டியோடு வா என்று மட்டும் சொன்னேன். 

நேற்று வந்தான். அத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்தவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஊர்க் கல்லறைத் தோட்டம் மாதிரி நினைக்காதீர்கள். ஒரு மரம் கிடையாது. கம்பி வேலி, அதற்கப்பால் வாதி, அதற்கப்பால் மொட்டை மலை. மண் இறுகிக் கல்லாகக் கிடக்கிறது, கையால் அள்ள வராது. அதற்குத்தான் மண்வெட்டி.

அந்த அலுவலகத்து மனுஷர் பதினொரு பெயரையும் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். பிலிப்பைன்ஸ்காரிகள் மூன்று பேர், இலங்கைக்காரர் ஒருவர், நேபாளத்துக்காரர் இரண்டு பேர், கேரளத்தில் கோட்டயம் பக்கத்தவர் ஒருவர், கோவாக்காரர் ஒருவர், எத்தியோப்பியப் பெண் ஒருத்தி, நாடு எழுதாமல் விட்ட ஒருவர், பிறகு உங்கள் தம்பி. இவர்களில் யாருக்கும் அன்றைக்குச் சொந்தக்காரர் நின்று மண் போட்டிருக்க முடியாது. முதல் குழியில் ஜெபசீலன் முழங்காலிட்டான். மூன்று கை மண் போட்டான். அப்பா பேரைச் சொல்லி ஒன்று, என் பேரைச் சொல்லி ஒன்று, பிளஸ்ஸி பேரைச் சொல்லி ஒன்று. அன்றைக்குப் போனில் என்னிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னான். பிறகு நான் தாளைப் பார்த்துப் பதினொரு பெயரையும் வாசித்தேன். இரண்டாவது குழியிலும் அதையே செய்தோம். எது யாருடையது என்று தெரியாதபோது எல்லாக் குழியும் எல்லாருடையதும்தானே. ஒன்பதாவதில் வந்தபோது அவனுக்குக் குரல் போய்விட்டது. காவல்காரர் வங்காளதேசத்துக்காரர், வயதானவர், அதுவரை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, குனிந்து தானும் ஒரு கை மண் எடுத்துப் போட்டார். எல்லாம் முடியும்போது மதியம் ஆகிவிட்டது.

ஏழாவதில் நான் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தேன். அங்கே படுத்திருப்பவர் யாரானாலும் என்னை நாலரை வருஷம் பொறுத்துக்கொண்டவர். அவரிடமும் சொல்லாமல் வர முடியவில்லை. நான் நட்ட சிலுவையை அங்கேயே விட்டுவிட்டேன்.

பிறகு ஒவ்வொரு குழியிலும் ஒரு கைப்பிடி எடுத்தேன். பால்பொடி டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோயிருந்தேன். பதினொரு கைப்பிடியும் அதில் இருக்கிறது, குலுங்கி ஒன்றாகக் கலந்துபோய்விட்டது. உங்கள் தம்பி அதில் நிச்சயமாக இருக்கிறார். ஆனால் அவர் மட்டும் இல்லை.

மாமி பக்கத்தில், நாளைக்கு மாமாவும் வந்து படுக்கப்போகிற இடத்தில், முன்பின் தெரியாத பத்துப் பேர் மண்ணைச் சேர்த்து வைக்கலாமா? அவருக்குச் சம்மதமா என்று கேட்காமல் செய்வது பாவம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டால், தன் மகனுக்கு மண் போட்டார்கள் என்று அவர் நாலரை வருஷம் நம்பிய நம்பிக்கை போய்விடும். சபையில் எழுந்து நின்று சொன்ன சாட்சியும் பொய்யாகிவிடும். இதில் எது பெரிய கொடுமை என்று யோசித்து யோசித்து எனக்குப் புத்தி மரத்துப்போய்விட்டது. மாமாவை நான் வருஷத்துக்கு ஒரு மாதம் பார்த்தவள். அவர் மனசு எவ்வளவு தாங்கும் என்று தினமும் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிற உங்களுக்குத்தான் தெரியும். பாரத்தை உங்கள் தலையில் வைக்கிறேன் என்று கோபப்படாதீர்கள். பிளஸ்ஸியை வைத்தேன், மாமாவை வைத்தேன், இப்போது இதையும் வைக்கிறேன். எனக்கு வேறு யாரும் இல்லை.

அந்தப் பெயர்களின் தாளை இதோடு வைத்திருக்கிறேன். போதகரிடம் கொடுக்க வேண்டும் என்றால் கொடுங்கள், அடுப்பில் போட வேண்டும் என்றால் போடுங்கள். ஜெபசீலனை ஒருநாளும் யாரிடமும் குறைவாகப் பேசாதீர்கள். அவன் அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லியிருக்காவிட்டால் அந்தக் காய்ச்சலில் நான் பிழைத்திருக்க மாட்டேன். நேற்றுத் திரும்பிப் போகும்போது அவனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கேக் வெட்டும்போது வராத அழுகையெல்லாம் அங்கேதான் வந்தது.

போனில் எனக்குப் பதில் சொல்ல வேண்டாம், அங்கே எல்லாருக்கும் கேட்கும். வியாழக்கிழமை பதிமூன்றாம் தேதி மதியம் நான் திருவனந்தபுரத்தில் இறங்குவேன். மாமாவிடம் நீங்கள் எல்லாவற்றையும் சொல்லி, அவருக்கும் சம்மதம் என்றால், எப்படியாவது காரில் ஏற்றி அவரையும் ஏர்போர்ட்டுக்குக் கூட்டி வாருங்கள். டின்னை அங்கேயே அவர் கையில் தந்துவிடுகிறேன். சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் மட்டும் வாருங்கள். தனியாக நிற்கிற உங்களைப் பார்த்தாலே நான் புரிந்துகொள்வேன், வழியில் ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன். வீட்டில் மாமா எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டும்போது, 'உங்க மவனுக்க மண்ணுதான் மாமா' என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். அதைச் சொல்லும்போது மட்டும் என் பக்கத்தில் நில்லுங்கள் மைனி. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாமா நல்ல சுகத்தோடு இருக்கட்டும். பிளஸ்ஸிக்கு என் முத்தம். உங்களுக்கு என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று ஆண்டவர் காட்டித் தரட்டும்.

உங்கள் தம்பியை எந்தக் குழியில் விட்டுவிட்டு வருகிறேன் என்று தெரியாமல் வருகிற,
ரெஜிலா